வாரம் பத்து நிமிடம்

ஞாயிறு மதியம்

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். கடல் நடுவே அந்த எண்ணெய் மேடையில், கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் நீங்களும் நலம் என்று நம்புகிறேன். வாலுவுக்கு முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்துவிட்டன. ஊருக்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கிறவளின் மகள் பொக்கை வாயோடு திரிகிறாள் என்று லேபில் என்னைக் கேலி செய்கிறார்கள். மற்றபடி வீட்டில் எல்லோரும் சௌக்கியம், ஒருவரைத் தவிர. அவர் கீழே பார்க்கிங்கில், இரண்டாவது தூண் ஓரமாக, இடது முன்னங்காலை மடக்கிப் படுத்துக் கிடக்கிறார்.

உங்கள் வண்டியைத்தான் சொல்கிறேன்.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன வெள்ளிக்கிழமை சொல்லத்தான் ஆரம்பித்தேன். உங்கள் மேடையில் இருக்கிற ஒரே ஃபோனில் ஆளுக்கு வாரம் பத்து நிமிடம். அதில் விழுந்த பல் கதையைச் சொல்லியே வாலு ஆறு நிமிடத்தைத் தின்றுவிட்டாள். மிச்சத்தில் நான் "வண்டி" என்று வாயெடுத்ததும், "லைன் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று நழுவிவிட்டீர்கள். கடிதத்தில் லைன் கெட்டுப்போகாது. சப்ளை படகு பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது என்றாலும், வந்த பிறகு உட்கார்ந்து முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன லீவு முடிந்து கிளம்பும்போது நீங்கள் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாள் இன்னும் அப்படியே இருக்கிறது. வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை, பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணைக்க வேண்டும். யாரும் வெளியே எடுக்கக் கூடாது, நீ உட்பட. அந்த "நீ உட்பட"வுக்குக் கீழே ஒரு கோடு வேறு. பதினொரு மாதமாக நான் ஒரு ஞாயிறுகூடத் தவறவிடவில்லை. காய்ச்சலில் கிடந்த ஞாயிற்றுக்கிழமையும் போர்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனேன். லேபில் பிளாஸ்டர் இறுகுவதற்கு வைக்கிற டைமரைக் கையோடு எடுத்துப் போய், பத்து நிமிடம் என்றால் பத்தே நிமிடம். மேல் வீட்டு நர்சுக்கு சனிக்கிழமை இரவு டியூட்டி, ஞாயிறு காலைதான் தூக்கம். உங்கள் எட்டு சிலிண்டர் வெளிநாட்டுக் கார் உறுமும்போது அவர் பால்கனியிலிருந்து என்னைப் பார்க்கிற பார்வையை நீங்கள் ஒரு தடவை வாங்கிப் பார்க்க வேண்டும்.

இன்று காலை அந்த நர்ஸ் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். பொத்தானை அழுத்தினேன். டாஷ்போர்டில் சிவப்பு, மஞ்சள் என்று இருக்கிற விளக்கெல்லாம் எரிந்தன. சீட் பெல்ட் போடச் சொல்லி ஒரு மணி அடித்தது. என்ஜின் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இறங்கிச் சுற்றி வந்து பார்த்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது முன் சக்கரம் மட்கார்டுக்குள் புதைந்து போயிருக்கிறது. நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று முதலில் நினைத்தேன்.

நீங்கள் நம்பர் கொடுத்துவிட்டுப் போன மெக்கானிக்கை வரச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துவிட்டு அதைத் தேடிக்கொண்டே இருக்கிற மனிதர். வாலு அவருக்கு நெற்றிக்கண் மாமா என்று பெயர் வைத்துவிட்டாள், அவர் காதுபடவே கூப்பிடுகிறாள். நல்லவேளை, அவர் சிரித்துக்கொள்கிறார். அட்டையை விரித்துப் படுத்து, அரை மணி நேரம் வண்டிக்கு அடியில் முனகிவிட்டு எழுந்து வந்தார். இந்த வண்டிக்கு பேட்டரி இரண்டாம், இரண்டும் போய்விட்டதாம். முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பையாம், அது வெடித்துக் காற்று இறங்கிவிட்டதாம். அந்தச் சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். விலையைக் கேட்டேன். உங்கள் ஒன்றேகால் மாதச் சம்பளம்.

இந்த வீட்டில் எல்லாச் செலவையும் உங்கள் சம்பள மாதத்தில்தான் அளக்கிறோம் என்பது எனக்கே இன்றுதான் உறைத்தது. நாலு டயரும் மாற்றியது ஒரு மாதம். முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு ஒரு அளவு, இந்த ஊர்க் கடையில் இரண்டுமே கிடையாது. தண்ணீர் போகிற பிளாஸ்டிக் குழாய், விரலளவு சாமான், அது விரிசல் விட்டதில் பத்து நாள். இன்சூரன்ஸுக்கு இருபது நாள். பெட்ரோல் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஓடாத வண்டி பெட்ரோல் குடித்து நான் இதைத்தான் பார்க்கிறேன்.

இதை வாங்கிக்கொண்டு நீங்கள் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. மூன்று கை மாறிய வண்டி. வாசலில் நிறுத்திவிட்டு, புது வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று தோள் குலுங்கச் சிரித்தீர்கள். அவ்வளவு நல்ல வண்டியை ஏன் இப்படி அடிமாட்டு விலைக்கு விற்கிறார்கள் என்று கேட்டேன். ஜனங்களுக்கு மதிப்புத் தெரியவில்லை என்றீர்கள். அந்தக் கேள்வியை இன்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "வண்டி மட்டுந்தாம்மா அஞ்சுல ஒரு பங்கு. ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் இன்னும் முழு விலைதான்" என்றார். ஜனங்களுக்கு நன்றாகவே மதிப்புத் தெரிந்திருக்கிறது.

நாலு மாதத்தில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. இதுதான் கடைசி, இனி வீட்டோடுதான் என்று நீங்களாகத்தான் சொன்னீர்கள், நான் கேட்டு வாங்கவில்லை. வாலு காலண்டரில் கட்டம் போட்டு அடித்துக்கொண்டு வருகிறாள். வண்டியை இப்படியே யாருக்காவது தள்ளிவிட்டால், நீங்கள் வந்து ஒரு வேலை தேடுகிற வரைக்கும் கையைக் கடிக்காது. சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெயிலில் தொப்பி போடாமல் நிற்காதீர்கள். காது இரைச்சல் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். ஃபோனில் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்கிறீர்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா



வியாழன்

வண்டியின் உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஒன்றரைப் பக்கக் கடிதம். அதில் ஒன்றேகால் பக்கம் வண்டிக்கு. மிச்சத்தை நானும் வாலுவும் பங்கு போட்டுக்கொண்டோம். நன்றி.

விற்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். காற்றுப்பை போவது அந்த மாடலில் எல்லோருக்கும் வருகிற தொந்தரவு, ஒருமுறை மாற்றினால் பத்து வருடம் அசையாது, மெஷினைக் குறை சொல்லக் கூடாது, பார்த்துக்கொள்கிறவர்களைத்தான் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியை நான் மூன்று தடவை படித்தேன். இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, நீங்கள் அனுப்பிய பணத்தை எடுத்துக் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னேன்.

சாமான் வர பத்தொன்பது நாள் ஆயிற்று. நெற்றிக்கண் மாமாவின் பட்டறை ஒரு தகரக் கொட்டகை, நடுவில் ஒரே ஒரு லிஃப்ட். காலையில் வந்த வண்டி மாலையில் போய்விடும். நம்முடையது மட்டும் மூலையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. வந்து போகிறவர்கள் எல்லாம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, யாருடையது என்று கேட்பார்களாம். இந்தம்மாவுடையது என்று என்னைக் காட்டினால், நான் போட்டிருக்கிற செருப்பைப் பார்த்துவிட்டு நம்ப மாட்டேன் என்கிறார்களாம்.

போன சனிக்கிழமை வேலை முடிந்தது என்று கூப்பிட்டார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்துப் போக வேண்டும் என்றார். அவரையே ஓட்டச் சொன்னேன். "நீங்களே ஓட்டுங்கம்மா, வீட்டு ஆளு ஓட்டினாத்தான் குறை என்னன்னு தெரியும்" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டார். ஆமாம், ஓட்டினேன். "நீ உட்பட"வை மீறிவிட்டேன். வாலு பின் சீட்டில், மெக்கானிக் என் பக்கத்தில்.

பொய் சொல்ல மாட்டேன். புறவழிச்சாலையில் ஏறினதும் மெக்கானிக் இப்போது கொஞ்சம் மிதியுங்கள் என்றார். கொஞ்சம்தான் மிதித்தேன். சீட் என்னைப் பின்னால் இருந்து பிடித்து இழுத்தது. சத்தம் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. எட்டு வருடமாக ஸ்கூட்டரில் ஓரமாக ஒதுங்கி லாரிக்கு வழி விட்டுப் பழகியவள் நான். முன்னால் போன லாரி கண்ணாடியில் புள்ளியாகிப் போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாலு பொக்கை வாயைத் திறந்துகொண்டு "இன்னும், இன்னும்" என்று கத்தினாள். இதற்காகத்தானா நீங்கள் இப்படிக் கிறுக்குப் பிடித்து அலைகிறீர்கள் என்று புரிந்தது. புரிந்ததில் எனக்குக் கோபம்தான் இன்னும் கூடிப்போனது. இது நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது ஒரு சத்தம் ஆரம்பித்தது. முதலில் மூடியிருக்கிற கதவை விரலால் தட்டுவது போல. அப்புறம் சுத்தியல் எடுத்துக்கொண்டார்கள். மெக்கானிக்கின் முகம் மாறியது. ஓரமாக நிறுத்தி உடனே அணைக்கச் சொன்னார். அணைத்தேன். அதோடு சரி. புழுதி ஓரமாக ஒன்றரை மணி நேரம் மூன்று பேரும் நின்றோம். தூக்கிப் போகிற வண்டி வந்து கொக்கியை மாட்டியபோது, அந்த ஓட்டுநரிடம் வாலு, "எங்கப்பா கிரேன் இதை விடப் பெருசு, பத்து லாரி தூக்கும்" என்று பெருமை அடித்துக்கொண்டாள். அப்படியா, அப்பா எங்கே என்று அவர் கேட்டார். கடலில் என்றாள். அவர் என்ன நினைத்தாரோ, என்னைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இனிமேல்தான் விஷயம். பட்டறையில் என்ஜின் ஆயிலை இறக்கினார்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை. அடியில் ஜிகினா தூவினது போல இரும்புத் தூள் மினுக்கியது. ஆயில் மூடியின் உட்புறம் காபியில் பால் கலந்த நிறத்தில் கொழகொழவென்று ஏதோ அப்பியிருந்தது. வண்டியை எப்படி ஓட்டினீர்கள் என்று மெக்கானிக் கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். ஓட்டவே இல்லை, ஞாயிறு தவறாமல் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுவேன், டைமர் வைத்து என்றேன். அந்த மனிதர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார். நான் பார்த்து இதுதான் முதல் தடவை.

பத்து நிமிடம் யார் சொன்னது என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றேன். அவர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. உங்கள் மேடையில் தீயணைப்புப் பம்பு ஒன்று இருக்கிறது, வாரம் தவறாமல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுவோம் என்று நீங்கள்தானே ஒருமுறை சொன்னீர்கள்? அந்தப் பம்பின் விதியைக் கொண்டு வந்து இந்த வண்டிக்கு மாட்டிவிட்டீர்கள்.

மெக்கானிக் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அந்தப் பம்பு சும்மா நிக்கறதுக்குன்னே பண்ண மெஷினும்மா. இது ஓடறதுக்குப் பண்ணது. பத்து நிமிஷத்துல இது சூடே ஏறாது. சூடு ஏறாம அணைச்சு அணைச்சு, பெட்ரோலும் தண்ணியும் ஆயில்ல இறங்கி, உள்ள தேஞ்சு போச்சு. தொடாம விட்டிருந்தாக்கூட இவ்வளவு ஆகியிருக்காது" என்றார். அப்புறம் இதை வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் வெளியே எடுத்துப் போய் நன்றாக ஓட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். மூன்று கை மாறி வந்த வண்டி, முன்பே என்ன தேய்மானமோ தெரியாது, எல்லாமே உங்களால் என்று நினைக்காதீர்கள் என்று எனக்கு ஆறுதலும் சொன்னார்.

நாற்பத்தெட்டு ஞாயிறு. காய்ச்சலோடு, போர்வையோடு, நர்சின் வயிற்றெரிச்சலை வாங்கிக் கட்டிக்கொண்டு, நான் ஒழுங்காகச் செய்ததுதான் அதைக் கெடுத்திருக்கிறது. நாள் முழுக்க லேபில் முடியிழை கனம் அளந்து பொய்ப்பல் செதுக்குகிறவள், உங்கள் தாளில் எழுதியதை ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்த்துக்கொள்கிறவர்களைத்தான் சொல்ல வேண்டும் என்று எழுதினீர்களே, அந்த வரியை இப்போது நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

என்ஜினைக் கீழே இறக்கிப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐந்து மாதச் சம்பளம் ஆகலாம். அதற்கும் கேரண்டி கிடையாது. அது வேண்டாம் என்றால், இருக்கிற நிலையிலேயே அவர் எடுத்துக்கொள்வாராம். கதவு, சீட், விளக்கு, புதிதாக மாட்டிய காற்றுப்பை எல்லாம் தனித்தனியாக விலை போகுமாம். நீங்கள் கொடுத்ததில் கால்வாசிதான் கிடைக்கும். எனக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது. நீங்கள் வருவதற்கு இன்னும் இரண்டரை மாதம்தான். வந்து வேறு எதற்கு வேண்டுமானாலும் சண்டை போடலாம், வண்டியைப் பற்றி மட்டும் வேண்டாம்.

வாலு இரண்டு புதுப் பல் எட்டிப் பார்க்கிறது என்று எழுதச் சொன்னாள். கோணலாக வருகிறது. நான் சரி செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
நீ உட்பட



சனி

என்னங்க,

நேற்று ஃபோனில் நான் பேசாமல் வைத்தது லைன் கெட்டதால் இல்லை. நானேதான் வைத்தேன்.

இன்னும் பதினெட்டு மாதத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன், என்ஜின் செலவும் தேறிவிடும், கையில் கொஞ்சம் மிச்சமும் நிற்கும் என்று நீங்கள் ஏதோ நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னீர்கள். கம்பெனித் தாள் வந்துவிட்டது, இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்றீர்கள். அதுவரை என்ஜினைப் பிரித்துப் போடச் சொல், இந்த முறை ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நீயே ஓட்டு என்று எனக்கு அனுமதி வேறு. பக்கத்தில் வாலு ஃபோனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளிடம் கொடுக்காமலே வைத்துவிட்டேன். அதற்கு அவள் என்னோடு இன்னும் பேசவில்லை.

கோபமாகத்தான் எழுதுகிறேன், பூசி மெழுகத் தெரியவில்லை. ஓடாத வண்டியை ஓட வைக்க ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தைச் சம்பாதிக்கப் பதினெட்டு மாதம். அந்தப் பதினெட்டு மாதமும் வண்டி இங்கே, நீங்கள் அங்கே. முடிந்து நீங்கள் வருகிறபோது அதில் வேறொன்று உடைந்திருக்கும், அதற்கு இன்னொரு பதினெட்டு. நீங்கள் வண்டி வைத்திருக்கிறீர்களா, வண்டி உங்களை வேலைக்கு வைத்திருக்கிறதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன லீவில் ஐம்பத்திரண்டு நாள் வீட்டில் இருந்தீர்கள். கடைசி நாள் வரைக்கும் ஹாலில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று உங்களுக்குத் தெரியவில்லை. நாலையும் அழுத்திப் பார்ப்பீர்கள். ஸ்பூன் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள், நான் சொல்வேன், மறுநாளும் கேட்பீர்கள். நீங்கள் வந்த அன்று தண்ணீர் கேட்டபோது வாலு ஓடிப்போய் மேல் தட்டிலிருந்து கண்ணாடி டம்ளரை இறக்கினாள். அது யாராவது வந்தால் மட்டும் எடுக்கிற டம்ளர். அவளிடம் யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்களும் பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன்.

சாயங்காலமானால் கீழே பார்க்கிங்குக்குப் போய் அந்த வண்டியில் உட்கார்ந்துகொள்வீர்கள். எங்கும் ஓட்டிப் போகவும் இல்லை. நான் தேடிக்கொண்டு வந்தால், கண்ணாடியை இறக்கி, இங்கே அமைதியாக இருக்கிறது என்பீர்கள். எனக்கு அப்போது வயிற்றெரிச்சலாக இருந்தது. பெண்டாட்டி பிள்ளையை மேலே விட்டுவிட்டு இரும்புக்குள் என்ன அமைதி என்று நினைத்தேன். புறவழிச்சாலையில் ஓட்டிய பிறகுதான் யோசித்தேன். அதில் எழுபது பொத்தான் இருக்கும். எழுபதும் உங்களுக்குத் தெரியும். அதற்குள் உட்கார்ந்தால் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. நம் வீட்டில் உங்களுக்கு வழி தெரிந்த அறை அது ஒன்றுதான். அதை விற்கச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் வேலைக்கு எங்கே போவது என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். லேபுக்கு எதிரே இருபது மாடிக் கட்டடம் ஒன்று எழும்புகிறது. அதன் இன்ஜினியருக்கு முன்பல் ஒன்று உடைந்து, புதுப்பல்லின் நிறம் ஒத்துப் பார்ப்பதற்காக எங்கள் லேபுக்கு வந்தார். அவர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது, உங்கள் கிரேன் ஓட்ட ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். வாயில் என் கை இருந்ததால் அவரால் என்னை விரட்ட முடியவில்லை. கையை எடுத்ததும், கடலில் பதினான்கு வருடம் ஓட்டியவர் என்றால் நாளைக்கே வரச் சொல்லுங்கள், இங்கே ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறோம் என்றார். சம்பளம் கேட்டேன். இப்போது வாங்குவதில் பாதிகூட இல்லை. அந்தச் சம்பளத்தில் இந்த வண்டி ஓடாது. ஆனால் நாம் மூன்று பேரும் ஓடலாம், என் சம்பளத்தையும் சேர்த்து நான் கூட்டிப் பார்த்துவிட்டேன். இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். உங்கள் கிரேன் என் ஜன்னலிலிருந்து தெரியும்.

இந்தக் கடிதத்தோடு வண்டிப் பெயர் மாற்றும் தாளை வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடத்திலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். உங்கள் மேஜையில் கம்பெனித் தாளும் இருக்கும். இரண்டிலும் கையெழுத்துப் போட முடியாது. ஒன்றில் போட்டுவிட்டு மற்றதைக் கிழித்துவிடுங்கள். எதைக் கிழித்தீர்கள் என்று ஃபோனில் சொல்ல வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் அதற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டித் தாள் தபாலில் திரும்பி வருகிறதா, வராமல் போகிறதா என்பதிலிருந்து தெரிந்துகொள்கிறேன்.

வாலுவைத் திட்டவில்லை, கவலைப்படாதீர்கள். கோணல் பல்லோடு நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். உங்கள் காதை அங்கே இருக்கிற டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள், எனக்காக. கூண்டில் ஏறும்போது கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறினவர்கள் ஒருநாள் இறங்கத்தான் வேண்டும், பார்த்துப் பத்திரமாக இறங்கி வாருங்கள்.

மெக்கானிக் வருகிற இருபதாம் தேதி வரைக்கும் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவருக்குக் கொட்டகையில் இடமில்லையாம். நான் உங்களுக்குத் தேதி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததால் எனக்குத் தேதியே கிடையாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

உங்கள்,
வாலுவின் அம்மா